நிச்சய மோதிரம் வெளுத்தபோது

முப்பத்து மூன்று வருடம் ஊராருடைய மூத்திரத்தைக் காய்ச்சியவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி படித்த பிறகு, "ஐயே, இவளா?" என்று யாரும் மூக்கைப் பொத்த வேண்டாம். அரசு ஆஸ்பத்திரி லேப் டெக்னீஷியன் என்பது பதவியின் பெயர். கோவில்பட்டியில் 'லேப் பேச்சியக்கா' என்றால் தெரியும். பேச்சியம்மாள் என்ற முழுப்பெயரைச் சம்பளச் சீட்டில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

சமீபத்தில் பணி ஓய்வு பெற்றேன். பொன்னாடை போர்த்தினார்கள். இனி எந்த மணிக்கும் எங்கேயும் போக வேண்டாத ஆளுக்கு வழக்கப்படி ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். லேப்பில் என்னோடு இருந்த கவிதா மட்டும் தனியாக ஒரு ரோஜா நிறப் பெட்டியை நீட்டினாள். கவிதா சின்னப் பெண் இல்லை. நாற்பது தாண்டியவள், டிகிரி படித்தவள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். பெட்டிக்குள் மூன்று டப்பா. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, உடம்புக்கு ஒன்று. ஏழே நாளில் வெள்ளையாகிவிடலாமாம்.

"என்னட்டி இது?" என்றேன்.

"இத்தன நாளும் அடுத்தவன் ரத்தத்தையே பாத்திய. இனிமேலாவது உங்க மூஞ்சியக் கவனிங்கக்கா. நானே மூணு மாசமா இதத்தான் போடுதேன். போன்ல பாத்து ஆர்டர் போட்டது."

பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். செய்தவன் பேர் இல்லை, ஊர் இல்லை, உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று ஒரு வரி இல்லை. எங்கள் ஊர் கடலைமிட்டாய்ப் பாக்கெட்டில்கூட வேர்க்கடலை, வெல்லம் என்று நேர்மையாகப் போட்டிருப்பான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏன்க்கா சிரிக்கிய?" என்றாள் கவிதா.

நின்றபடி சொல்கிற விஷயமாக அது எனக்குத் தோன்றவில்லை. எழுதித் தருகிறேன், படி என்றேன். எழுதிவிட்டேன்.

மதுரையில் ஒரு வருடம் படித்தேன். ஹாஸ்டல் சாம்பார், மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் வரிசை, இரண்டையும் சொன்னால் படிப்பு முடிந்தது. உண்மையில் நான் கற்றுக்கொண்டது ஒரு விளக்கு, ஒரு கண்ணாடிக் குழாய், இரண்டையும் வைத்துத்தான். குழாயில் முக்கால் பாகம் மூத்திரம் ஊற்ற வேண்டும். அடியைப் பிடித்துக்கொண்டு, மேல்பாகத்தை மட்டும் ஸ்பிரிட் விளக்கின் மேல் சாய்த்துக் காட்ட வேண்டும். குழாயின் வாய் நம் பக்கம் இருந்தால் பொங்கி முகத்தில் அடிக்கும். அதுவும் ஒரு ஃபேஷியல்தான், சிபாரிசு செய்யமாட்டேன். மேலே வெள்ளையாகக் கலங்கினால் அவசரப்படக் கூடாது. அசிட்டிக் ஆசிட் மூன்று சொட்டு விட வேண்டும். கலங்கல் மறைந்தால் அது வெறும் உப்பு. மறையாமல் நின்றால் ஆல்புமின். ரத்தத்தில் இருக்க வேண்டிய புரதச் சத்து, சிறுநீரகம் என்கிற சல்லடை கெட்டுப்போய் வெளியே ஒழுகுகிறது என்று அர்த்தம். கலங்கலைப் பார்த்து ஒரு பிளஸ் முதல் நாலு பிளஸ் வரை எழுதுவோம். நாலு பிளஸ் என்றால் அவித்த முட்டையின் வெள்ளைக்கரு போலத் திரண்டு நிற்கும்.

இப்போது ஒரு குச்சியை நனைத்தால் நிறம் மாறுகிறது, மெஷின் சீட்டைத் துப்புகிறது. கவிதாவுக்கு ஸ்பிரிட் விளக்கு ஏற்றத் தெரியாது. தீப்பெட்டி செய்து நாட்டுக்கே அனுப்புகிற ஊரில் இதுவும் ஒரு சாதனைதான்.

என் நிறத்தையும் சொல்லிவிட வேண்டும். நான் நல்ல கறுப்பு. மழை பெய்த மறுநாள் கரிசல் காடு இருக்குமே, அந்தக் கறுப்பு. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று சாயங்காலம் கரண்டு போய்விட்டது. அதனால்தான் கல்யாணமே நடந்தது என்று என் மாமியார் சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தார். மின்சார வாரியத்துக்கு நான் கடமைப்பட்டவள். 'கறுப்பே அழகு, காந்தலே ருசி' என்று பழமொழி வேறு சொல்வார்கள். சொல்லிவிட்டு வெள்ளைப் பெண்ணும் காந்தாத சோறும் தேடுவார்கள்.

என் வேலைக் காலத்தில் பல டாக்டர்கள் வந்து போனார்கள். மனசில் நிற்பவர் ராஜகனி அம்மா. சத்தம் போடுகிற டாக்டர்களைக் கண்டு ஜனங்கள் பயப்படுவார்கள். இந்த அம்மா குரலைத் தாழ்த்தினால் நாங்கள் பயப்படுவோம். நோயாளியிடம் அவர் கேட்கிற முக்கியமான கேள்வி ஒரே ஒரு சொல்தான்.

"என்ன மருந்து எடுக்குதிய?"

"ஒண்ணும் இல்லம்மா."

"வேற?"

"சுக்குக் கசாயம்."

"வேற?"

இரண்டாவது 'வேற'யில் ஆள் நெளிவார். மூன்றாவதில் உண்மை வந்து விழும். அப்படியும் வராவிட்டால் பை. "வீட்டுக்குப் போயி, குளிக்கிற எடத்துல, கண்ணாடிப் பக்கத்துல, பெட்டிக்குள்ள என்னென்ன டப்பா இருக்கோ அத்தனையும் ஒரு பையில அள்ளிப் போட்டுட்டு வாங்க. நல்லது, கெட்டதுன்னு நீங்க பிரிக்காதிய. அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்." பை வந்ததும் மேஜையில் நாளிதழை விரித்துக் கவிழ்ப்பார். ஒவ்வொன்றாக எடுத்து, மூடியைத் திறந்து, முகர்ந்து, எழுத்தைப் படித்து, வரிசையாக வைப்பார். வெளியே எழுபது பேர் காத்துக்கொண்டிருந்தாலும் இதில் அவசரம் கிடையாது.

ஏனென்றால் நம் ஜனங்களுக்கு வாய்க்குள் போவதுதான் மருந்து. தோலில் பூசுவது அலங்காரம். தோல் என்னவோ லாரிக்கு மேல் போடுகிற தார்ப்பாய் மாதிரி, ஒன்றும் உள்ளே இறங்காது என்று நம்பிக்கை.

மணியாச்சியில் தண்டவாள வேலை பார்த்த ஒரு பையன் அப்படி ஒரு பையோடு வந்தான். கன்னம் இரண்டும் களத்தில் காய்கிற மிளகாய் வத்தல் நிறம். மெல்லிசாகிப்போன தோலுக்கு அடியில் நரம்பு ஓடுவது தெரிந்தது. தாடையைச் சுற்றிப் படை. சுரண்டியெடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். பூஞ்சைக் காளான் சீமைக்கருவேலம் மாதிரி மண்டிக் கிடந்தது. பையிலிருந்து வந்தது ஒரு சின்ன டியூப், ஸ்டீராய்டு கலந்தது.

"இது கரப்பான் அரிப்புக்கு டாக்டர் பாத்து நாலஞ்சு நாளைக்கு எழுதிக் குடுக்கிற மருந்து தம்பி. நீ பவுடர் மாதிரி போட்டிருக்க. யாரு குடுத்தா?" என்றார் அம்மா.

"கடையில அண்ணாச்சிதாம்மா. வெள்ளையாவும்னாவ."

"ஆச்சா?"

"மொத மாசம் ஆச்சும்மா. பொண்ணு பாக்கப் போகணும்லா, அதான். இப்ப வெயில்ல நின்னாத் தீயா எரியுது."

"உனக்கு வேலை எங்க?"

"வெயில்லதாம்மா."

அம்மா டியூபை எடுத்துத் தன் மேஜை டிராயருக்குள் போட்டுப் பூட்டினார். அந்த டிராயரில் அப்படி ஒரு அழகு நிலையமே இருந்தது.

இனி மாரிச்செல்வி.

இருபத்திரண்டு வயது. நாகலாபுரம் பக்கத்து மானாவாரிக் குடும்பம். மழை இரண்டு வருடம் ஏமாற்றியதும் தாயும் மகளுமாகக் கோவில்பட்டிக்கு வந்து, மகள் தீப்பெட்டி ஆபீஸில் பெட்டிக்குள் குச்சி அடைக்கிற வேலைக்குப் போனாள். தீப்பெட்டித் தொழிற்சாலையை எங்கள் ஊரில் 'ஆபீஸ்' என்றுதான் சொல்வோம். மரியாதையாக இருக்கட்டும் என்று. தாய் அய்யம்மாள் இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்த்தார். செல்வி மாநிறத்துக்கும் ஒரு படி கீழே. நல்ல துறுதுறுப்பான புள்ளை.

அவளுக்குக் கடலைமிட்டாய்க் கடைக்காரர் வீட்டில் சம்பந்தம் முடிவானது. மாப்பிள்ளை கடையில் உட்கார்கிறவர். நிறத்தில் என் கட்சி. அவருடைய தாய் சீனியம்மாளுக்கு மகன் தங்கக் கட்டி. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதானே. நிச்சயத் தட்டில் பட்டுப்புடவை, பூ, பழம், மோதிரம், அதற்கெல்லாம் மேலே ஒரு கிரீம் டப்பா. மாப்பிள்ளையின் அக்கா வளைகுடாவிலிருந்து அனுப்பியது. 'பெண்ணைப் பிடித்திருக்கிறது, நிறம் மட்டும் பிடிக்கவில்லை' என்பதை இதைவிட மரியாதையாக ஒருவர் சொல்லிவிட முடியாது. அது சீர் ஆயிற்றே, வேண்டாம் என்று சொல்ல முடியுமா? செல்வி காலையும் ராத்திரியும் பக்தியோடு பூசினாள். டப்பா தீரத் தீர அடுத்தது வந்தது.

இரண்டு மூன்று மாசம் கழித்துக் களைப்பாக இருக்கிறது என்று ரத்தம் பார்க்க வந்தாள். விரலில் குத்தி ரத்தம் எடுத்தேன். முகம் வெளுத்து, கன்னம் உப்பி, பளபளவென்று இருந்தாள். ஆபீஸில் எல்லாரும் "லட்சுமி களை வந்துட்டு" என்கிறார்களாம், வெட்கத்தோடு சொன்னாள். நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா?

"பொய்யாட்டி சொல்லுதாவ? கல்யாணக் களை அள்ளுதுல்லா!" என்றேன்.

முகத்தில் நீர் கோத்து நிற்கிறது. கையில் ஊசி வைத்துக்கொண்டு, ஒரு முழம் தூரத்திலிருந்து பார்த்த எனக்கு அது அழகாகத் தெரிந்தது. ஊரில் எவளோ சொன்னால் மன்னிக்கலாம். வீக்கத்தைத் தினம் பார்க்கிறவள் சொன்னேன். டாக்டர் சீட்டில் ரத்தம் மட்டும்தான் எழுதியிருந்தது, அதனால் மூத்திரம் பார்க்கவில்லை என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்திருக்கிறேன். அது இன்றுவரை எனக்கே செல்லுபடியாகவில்லை.

அதற்குப் பிறகு அவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தது உடம்புக்காக இல்லை. மோதிரத்துக்காக.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு அவசரப் பிரிவில் ஒரே கூச்சல். நடுவில் நாற்காலியில் செல்வி. இரண்டு பக்கமும் இரண்டு தாய்மார்கள். நிச்சய மோதிரம் திட்டுத்திட்டாக வெளுத்துப்போயிருந்தது. பெண் வீட்டில் சந்தேகம். மாப்பிள்ளை வீட்டில் ரோஷம். வா, நகைக்கடையில் உரசிப் பார்த்துவிடுவோம் என்றால், மோதிரம் விரலை விட்டுக் கழலவில்லை. எண்ணெய் போட்டாயிற்று, சோப்புப் போட்டாயிற்று, விரல் கத்தரிக்காயாக வீங்கியதுதான் மிச்சம்.

"மதினி, தப்பா நெனைக்காதிய. பவுனு எங்கனயாவது வெளுக்குமா?" என்றார் அய்யம்மாள்.

"அப்ப நாங்க கவரிங்கப் போட்டு ஒங்க மகளக் கெட்டுதோம்னு சொல்லுதியளா? நல்லாருக்கு மதினி, நல்லாருக்கு!" சீனியம்மாளின் குரல் ரயில்வே ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும்.

நர்ஸ் மோதிரம் வெட்டுகிற கத்தரியை எடுத்தாள். அதுவரை அடித்துக்கொண்ட இரண்டு பேரும் ஒன்றாகப் பாய்ந்தார்கள். "நிச்சய மோதிரத்த வெட்டுததாவது! வெளங்குமா?" விரல் போனாலும் பரவாயில்லை, சகுனம் போகக் கூடாது. சம்பந்திகள் ஒற்றுமையாக இருந்தது அந்த ஒரு நிமிடம்தான்.

ராஜகனி அம்மா வந்தார். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. தையல் போடுகிற பட்டுநூலை எடுத்து, ஒரு நுனியை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து, மீதியை விரல் நுனிப் பக்கம் நெருக்கமாகச் சுற்றிக்கொண்டே போனார். வீக்கம் நூலுக்குள் அமுங்கியது. பிறகு அடியிலிருந்த நுனியைப் பிடித்துச் சுற்றைப் பிரிக்கப் பிரிக்க, மோதிரம் நூலின் மேலேயே ஏறி ஏறி வெளியே வந்துவிட்டது. இரண்டு தாய்மார்களின் கைகளும் மோதிரத்துக்கு நீண்டன. அம்மா அதைத் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். குனிந்து, செல்வியின் கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் அழுத்தி எடுத்தார். பிசைந்த மாவில் விரல் வைத்தது போலப் பள்ளம் அப்படியே நின்றது.

"கொலுசு எங்க?" என்றார்.

"பத்தலம்மா. கால் சதை போட்டுட்டு," என்றாள் செல்வி, சந்தோஷமாக.

"மூத்திரம் நுரைக்குதா?"

செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா என் பக்கம் திரும்பினார். குரல் தாழ்ந்திருந்தது. "பேச்சி, உடனே."

விளக்கை ஏற்றினேன். குழாயைச் சாய்த்துக் காட்டினேன். கொதிப்பதற்கு முன்பே மேல்பாகம் வெளுத்தது. ஆசிட் மூன்று சொட்டு விட்டேன். மறையவில்லை. கெட்டியானது. குழாயைக் கவிழ்த்துப் பார்த்தேன், விழவில்லை. நாலு பிளஸ் என்று எழுதினேன். கல்யாணக் களை என்று நான் சொன்னதுதான் அந்தக் குழாய்க்குள் திரண்டு நின்றது.

"என்ன மருந்து எடுக்குத?" "ஒண்ணும் இல்லம்மா." "வேற?" "ஒண்ணும் இல்லம்மா." "வேற?" இந்த முறை பதில் சொன்னது சீனியம்மாள், அதுவும் பெருமையாக. "மருந்தெல்லாம் இல்ல டாக்டரம்மா. எம் மக வெளிநாட்டுல இருந்து அனுப்புத கிரீமு மட்டும் போடுதா. நானுந்தான் போடுதேன். கலரப் பாத்தியளா?" பையைத் திறந்து டப்பாவை மேஜையில் வைத்தார். அடுத்த மாசத்துக்கு உரியதாம், கையோடு கொண்டு வந்திருந்தார்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டப்பாவைத் திருப்பினார். பெரிய எழுத்தில் புரியாத பாஷை. அடியில் எறும்பு மாதிரி இங்கிலீஷ். மெதுவாகப் படித்துத் தமிழில் சொன்னார்.

"பவுனு மேல பட்டுறக் கூடாது, வெள்ளி மேல பட்டுறக் கூடாதுன்னு போட்டிருக்கான்." டப்பாவை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். "புள்ள மூஞ்சியில படலாமாம்."

அந்தக் கிரீமில் பாதரசம் இருக்கலாம் என்று அம்மா விளக்கினார். அது பட்டால் தங்கம் வெளுக்கும். தோல் வழியாக ரத்தத்தில் இறங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். முகத்தில் இருப்பது சதை இல்லை, நீர். இப்படியே போனால் இந்தப் பெண் பிழைப்பதே கஷ்டம். கிரீமை நிறுத்தினால் சிறுநீரகம் தேற வாய்ப்பு உண்டு. செல்வி மோதிர விரலால்தான் கிரீமைத் தொட்டுத் தடவுவாளாம். எல்லாம் கேட்டு முடித்த சீனியம்மாள் நெஞ்சில் கை வைத்து நீளமாக மூச்சு விட்டார்.

"அப்ப மோதிரம் அசல்தான? நான் அப்பவே சொன்னேன்லா!"

தங்கம் பிழைத்துக்கொண்டது. அத்தனை பேருக்கும் நிம்மதி.

செல்வியைத் திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மாத்திரை, உப்பில்லாச் சாப்பாடு. டப்பாவைச் சோதனைக்கு அனுப்பினோம், பாதரசம்தான் என்று உறுதியாகி வந்தது. வாரம் ஒரு முறை செல்வி காலை மூத்திரத்தோடு என்னிடம் வந்தாள். நாலு பிளஸ் மூன்றாயிற்று. மூன்று இரண்டாயிற்று. குழாயைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். ஊர் அவளைப் பார்த்து உச்சுக் கொட்டியது. நீர் வடிந்தது, கன்னம் ஒட்டியது, பழைய நிறம் திரும்பி வந்தது. ஆபீஸில் "என்னட்டி, இப்பிடி வாடிட்ட? யாரு கண்ணு பட்டுச்சோ?" என்றார்களாம். நோயில் கிடந்தபோது லட்சுமி களை. குணமாகும்போது காசநோயோ என்று சந்தேகம். சீனியம்மாள் ஜோசியரைப் பார்த்துவிட்டு, கல்யாண நாளைத் தள்ளலாமே என்று நயமாகச் சொல்லி அனுப்பினார்.

அதற்கு மூன்றாவது வாரம் குழாய் மறுபடி திரண்டது. நாலு பிளஸ்.

இன்னொரு குழாயில் காய்ச்சினேன். ஆசிட்டை மாற்றிக் காய்ச்சினேன். மூன்று தடவையும் அதேதான். வெளியே வந்து, "ஏட்டி, கிரீம் போடுதியா?" என்று நேராகவே கேட்டேன்.

"சத்தியமா இல்லக்கா."

அப்போதுதான் அவள் மூக்கைப் பார்த்தேன். மோதிரத்தைக் கழற்றிவிட்டாள். மூக்குத்தி மூக்கிலேயே இருந்தது. அதன் விளிம்பு சுற்றிலும் வெள்ளி மாதிரி வெளுத்திருந்தது.

"மூக்குத்தியும் கவரிங்கா?" என்றேன்.

கையால் மூக்கை மறைத்தாள். உதடு துடித்தது. பிறகு அழுதுகொண்டே வெடித்தாள்.

"என்னக்கா செய்யச் சொல்லுதிய? பொண்ணு வாடிட்டுன்னு அவிய நாளத் தள்ளுதாவ. எங்கம்மா ராவும் பகலும் அழுவுது. ஒரு டப்பா மிச்சம் இருந்துச்சு. கல்யாணம் வரைக்குந்தான போடப்போறேன்! நீங்களுந்தான சொன்னிய, கல்யாணக் களை அள்ளுதுன்னு?"

என் வாயே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது.

நோயாளியை லேப்புக்குள் விடக் கூடாது என்பது விதி. அன்று அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனேன். புதிய குழாயில் அவளுடைய மூத்திரத்தை ஊற்றி, பிடியோடு அவள் கையில் கொடுத்தேன்.

"நீயே காட்டு. சாச்சுப் பிடி. வாய் அங்கிட்டு இருக்கட்டும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு காட்டினாள். மேல்பாகம் வெளுத்தது. திரண்டது. ஆசிட்டை நான் விட்டேன். மறையவில்லை.

"இது என்னதுக்கா?"

"நீ சாப்பிட்ட சோறு, பருப்பு, முட்டை எல்லாம். உடம்புல நிக்காம ஓடுது. நான் களைன்னு சொன்னேன்லா, அது இதுதான். நான் சொன்னது தப்புட்டி. எனக்குக் கண்ணு அவிஞ்சு போயி சொன்னேன்."

குழாயைக் கவிழ்த்துப் பார்த்தாள். விழவில்லை. அதை ஸ்டாண்டில் வைத்தாள். மூக்குத்தியைத் திருகிக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாள்.

மறுநாள் அவள் செய்த காரியத்தை அய்யம்மாள்தான் வந்து என்னிடம் சொன்னார். சொல்லும்போது பாதி பயம், பாதி பெருமை. செல்வி ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, மிச்சமிருந்த கிரீம் டப்பாவையும் வைத்து, கழுத்தில் துண்டு போட்டது மாதிரி தாயை இழுத்துக்கொண்டு கடலைமிட்டாய்க் கடைக்கே போயிருக்கிறாள். வியாபார நேரம். கடையில் ஆள் நிற்கிறது. தட்டைச் சீனியம்மாள் முன்னால் நீட்டியிருக்கிறாள்.

"சீரத் திருப்பித் தரக் கூடாதுதான் அத்த. ஆனா இத நான் போட்டா ஒங்க வீட்டுக்கு மருமக வரமாட்டா. மால போட்ட போட்டோதான் வரும். எது வேணும்னு யோசிச்சுச் சொல்லுங்க."

சீனியம்மாள் வாயைத் திறப்பதற்குள், கல்லாவில் இருந்த மாப்பிள்ளை எழுந்து வந்து டப்பாவை எடுத்து, ரோட்டோரச் சாக்கடையில் எறியப் போனாராம். "அங்கன போடாதிய, மாடு வாய வைக்கும். டாக்டரம்மாட்ட குடுங்க," என்று செல்வி தடுத்தாளாம். அந்த மனுஷன் மறுபேச்சில்லாமல் டப்பாவைக் கொண்டுவந்து அம்மாவின் டிராயரில் சேர்த்தார். நிச்சயத்துக்குப் பிறகு அவர் சுயமாகச் செய்த முதல் காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

இரண்டு நாள் கழித்துச் சீனியம்மாள் தனியாக வந்தார். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, கடலைமிட்டாய்ப் பாட்டில் ஒன்றை மேஜையில் வைத்தார். உள்ளே இருந்தது மிட்டாய் இல்லை.

"யார்ட்டயும் சொல்லாதம்மா. எனக்கும் ஒருக்கா பாத்துரு."

காய்ச்சினேன். இரண்டு பிளஸ். அன்றிலிருந்து அவருக்கு விஞ்ஞானம் நன்றாகப் புரிய ஆரம்பித்துவிட்டது. வெளிநாட்டு மகளுக்குப் போனில் அவர் விட்ட டோஸ் அந்தக் கிரீமை விடக் காட்டமாக இருந்ததாகக் கேள்வி.

ஏழு மாசம் ஆயிற்று. ஒரு காலையில் செல்வியின் மூத்திரத்தை விளக்கில் காட்டினேன். கொதித்தது. ஆசிட் விட்டேன். தெளிவாகவே நின்றது. இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தப் பக்கத்துச் சுவர் தெரிந்தது. குழாயோடு வெளியே ஓடினேன். அந்த வயதில் நான் ஓடியதைப் பார்த்து வரிசையில் நின்றவர்கள் யாரோ செத்துவிட்டதாக நினைத்தார்கள். கறுத்து, மெலிந்து, காலில் கொலுசோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"எப்படிக்கா இருக்கேன்?" என்றாள்.

களை, அழகு என்று எந்த வார்த்தையையும் தொட எனக்குத் தைரியம் இல்லை. "நெகட்டிவ்," என்றேன். இரண்டு பேரும் அழுதோம்.

ஆவணியில் கல்யாணம். போயிருந்தேன். ஆல்பம் வந்தபோது பார்த்தால், போட்டோக்காரர் செல்வியை, மாப்பிள்ளையை, சீனியம்மாளை, ஏன், என்னைக்கூட வெள்ளைவெளேரென்று ஆக்கியிருந்தார். என்னை என் மகளுக்கே அடையாளம் தெரியவில்லை. சிறுநீரகம் கெடாமல் வெள்ளையாக நான் கண்ட ஒரே வழி அதுதான்.

கவிதா, உனக்காக எழுதியது இவ்வளவுதான். நேற்று நீ வீட்டுக்கு வந்து, "கிரீம் போட ஆரம்பிச்சியளாக்கா?" என்று கேட்டாய். நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்கு வெட்கம் வந்து, "கலரு கூடிட்டுல்லா?" என்று சிரித்தாய். நான் பார்த்தது உன் மூக்குத்தியின் விளிம்பை.

நாளைக் காலை முதல் மூத்திரத்தைப் பிடித்துக்கொண்டு வா. உன் மெஷின் வேண்டாம். பரணிலிருந்து என் பழைய விளக்கை இறக்கித் துடைத்து, திரி போட்டு வைத்திருக்கிறேன். நம் ஊர்த் தீப்பெட்டியும் ஒன்று பக்கத்தில் இருக்கிறது. நீயே ஏற்று.